சத்து மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

“சத்து மாத்திரை சாப்பிடலாமா?” என்று மொட்டையாகக் கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். எந்தச் சத்து, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் நிறுத்துவது என்று நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். இந்த நான்குக்கும் பதில் இல்லாத மாத்திரையை வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. முதல் மூன்றையாவது சிலர் கேட்கிறார்கள். நான்காவதை யாருமே கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு எழுதிக்கொடுத்த கால்சியம் பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். அதே வீட்டில் ஹீமோகுளோபின் 9-ல் நிற்கும் மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை இருக்காது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. சப்ளிமெண்ட் வியாபாரம் கொழிப்பதோ ஜிம் வாசலிலும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டிலும்.

முதலில் எளிதானதை முடித்துவிடலாம். நன்றாகச் சாப்பிடுகிற, நோய் எதுவும் இல்லாத ஒருவர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தினம் ஒரு மல்டிவிட்டமின் போட்டுக்கொண்டால் ஆயுள் கூடுமா? அமெரிக்காவில் 3,90,124 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2024-ல் வெளியானது. சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் லாபகரமான வித்தியாசம் எதுவும் இல்லை. வயதானவர்களின் நினைவாற்றலில் சிறு பலன் காட்டிய ஆய்வுகளும் உண்டு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ‘சத்துதானே, என்ன கெடுதல் வந்துவிடும்’ என்பவர்களுக்கு பின்லாந்துக் கதை: 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து நடந்த ஆய்வில், தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது. 1994-ல் முடிவு வந்தது. கேரட்டில் இருக்கும்போது சாதுவாக இருக்கிற பொருள்தான் அது.

இனி, தேவைப்படுகிறவர்களுக்கு வருவோம். இரும்புச்சத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது, ஆகவே அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மாத்திரை அட்டையைத் திருப்புங்கள். முன்பக்கம் பெரிதாக ஒரு எண் இருக்கும். அது பெரும்பாலும் உப்பின் எடை, இரும்பின் எடை இல்லை. 200 மி.கி. ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் இரும்பு ஏறக்குறைய 65 மி.கி.தான். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘எலிமெண்டல் அயர்ன்’ என்று ஒரு வரி இருக்கும். கணக்குக்கு அதை மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. மூன்று மாதம் முடிந்ததிலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் என்பது கணக்கு. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரையிலும் அதே அளவுதான். கடையில் நூற்றுக்கணக்கில் விலைபோகும் கலர் டப்பாவில், ஒரு மாத்திரைக்கு 10 மி.கி. இரும்பும் கூடவே இருபது வகைச் சத்துகளும் எழுதியிருக்கும். ரத்தசோகைக்கு அந்த 10 மி.கி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. இலவசமாகக் கிடைப்பது மட்டம் என்ற நினைப்பில் சிவப்பு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு இதை வாங்குகிறார்கள்.

சாப்பிடும் முறை இன்னும் முக்கியம். இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். அங்கே காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்களோ பாலில் உள்ள கால்சியமோ கூடவே வந்து நின்றால் இரும்பு கட்டுண்டு வெளியே போய்விடும். காலை டிபன் முடித்து, மாத்திரையைப் போட்டு, உடனே ஒரு டம்ளர் ஃபில்டர் காபி என்பது நம் வீடுகளின் நடைமுறை. மாத்திரை வேலை செய்யாமல் போக இந்த ஒன்றே போதும். முன்னால் ஒரு மணி, பின்னால் இரண்டு மணி நேரம் காபி, டீ, பால் வேண்டாம். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு, அல்லது ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கடித்துக்கொண்டு சாப்பிட்டால் உறிஞ்சல் கூடும். வயிற்றைப் புரட்டுகிறது என்றால் உணவோடு சாப்பிடலாம். பலன் குறையும், ஆனால் சாப்பிடாமல் விடுவதைவிட மேல்.

ஒரே நாளில் இரண்டு மூன்று போட்டால் சீக்கிரம் ஏறும் என்பதும் பொய்க்கணக்கு. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சாத்துகிறது. திறக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கு கூடுகிறது என்று சுவிட்சர்லாந்தில் பெண்களிடம் செய்த ஆய்வு 2017-ல் காட்டியது. மலச்சிக்கலும் குமட்டலும் தாங்காமல் நிறுத்திவிடுகிறவர்களுக்கு இந்த வழி நல்லது. கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக மாற்றாமல் செவிலியரையோ மருத்துவரையோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனால் அது குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம். இரும்பு மாத்திரைமேல் பழிபோட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரியாகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறியதும் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. ரத்தத்தில் நிரம்பிய பிறகுதான் சேமிப்பு நிரம்பத் தொடங்கும். மேலும் மூன்று மாதம் போக வேண்டும். சேமிப்பின் அளவு ஃபெரிட்டின் பரிசோதனையில் தெரியும். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்.

ஒரு மாதமாகியும் ஏறவில்லை என்றால் மாத்திரையை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். மாதவிடாயில் அதிகப்படியாகப் போகிறதா, மூலத்தில் ரத்தம் போகிறதா, கொக்கிப்புழு இருக்கிறதா? ஓட்டை அடைபடாமல் தொட்டி நிரம்பாது. இன்னொரு காரணம் தலசீமியா மைனர் என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு. ரத்த அணுக்கள் சிறிதாக இருப்பதால் பார்வைக்கு இரும்புக் குறைபாடு மாதிரியே தெரியும். ஆனால் இரும்பு கொடுத்துப் பயனில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே ஒரு துப்பு உண்டு: எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) எண்ணை சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில்) வகுத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரா என்று கேட்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைபாடு வந்தால், டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓயக் கூடாது. குடலில் எங்கே கசிகிறது என்று எண்டோஸ்கோபி வரை போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

இரும்பு மாத்திரை சிவப்பாக, மிட்டாய் மாதிரி இருக்கும். 60 மி.கி. மாத்திரை பத்தை, 10 கிலோ எடையுள்ள குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள்.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவும்போது மிதக்கிற, கொஞ்சம் நிறம் மாறிய மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்தவர்கள் பலர். அவை அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாக அச்சுவார்த்த செறிவூட்டிய அரிசி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்பது கலவைக் கணக்கு. எறிந்தால் சத்து மட்டும் குப்பைக்குப் போகும்.

ஃபோலிக் அமிலத்தில் விவாதத்துக்கே இடமில்லை. கருவின் முதுகுத்தண்டு மூடிக்கொள்வது கரு உருவான 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போய், சோதித்து, டாக்டரைப் பார்க்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடுகிறபோதே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கி முதல் 12 வாரம் வரை எடுக்க வேண்டும். ஏற்கெனவே முதுகுத்தண்டுக் குறையோடு குழந்தை பிறந்தவர்களுக்கு இதன் பத்து மடங்கு; அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வில் அந்த அளவு, குறை மீண்டும் வருவதை 72 விழுக்காடு தடுத்தது. இவ்வளவு தெளிவான பலன் வேறெந்தச் சத்து மாத்திரைக்கும் இல்லை என்பேன். இதற்காகும் செலவோ ஒரு காபிக்காசு.

அடுத்தது பி12. நம் ஊரில் இதற்குப் பெயர் ‘நரம்பு மாத்திரை’. மெடிக்கல் ஷாப்பில் போய் “கால் மதமதன்னு இருக்கு” என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கும் முன் அட்டையைத் திருப்புங்கள். மெத்தில்கோபாலமின் 750 மைக்ரோகிராம் என்பதற்குக் கீழே பல அட்டைகளில் ப்ரீகாபலின் 75 மி.கி. என்று இருக்கும். அது சத்து கிடையாது, நரம்பு வலிக்கான மருந்து. தலைசுற்றலும் தூக்கமும் வரும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கிற எழுபது வயதுக்காரரைக் கீழே தள்ளிவிடும். இன்னும் சிலவற்றில் பி6 தாராளமாகச் சேர்த்திருப்பார்கள். பி6 அளவுக்கு மிஞ்சி நெடுநாள் உள்ளே போனால் அதுவே கால் மரத்துப்போக வைக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இதன் உச்சவரம்பை நாளுக்கு 12 மி.கி. ஆகக் குறைத்ததற்கு இந்த நரம்புப் பாதிப்புதான் காரணம்.

பி12 யாருக்கு உண்மையிலேயே வேண்டும்? சைவ உணவுக்காரர்கள் முதலில். செடிகொடியில் பி12 இல்லை. இட்லி மாவு புளிப்பதால் வந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது, ஸ்பைருலினாவில் இருப்பது உடம்புக்கு உதவாத போலி வடிவம். பாலில் உண்டு. ஆனால் 200 மி.லி. பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு, தேவையோ நாளுக்கு இரண்டுக்கு மேல். இரண்டு வேளை காபிக்கு ஊற்றும் பாலும் ஒரு கரண்டி நீர்மோரும் அந்தக் கணக்கை எட்டாது. பாலும் தவிர்க்கிற வீகன்கள் யோசிக்கவே வேண்டாம்: தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒரு முறை 2,000. இரண்டாவது கூட்டம், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிற சர்க்கரை நோயாளிகள். அது பி12 உறிஞ்சலைக் குறைக்கும். கால் எரிச்சலையும் மதமதப்பையும் ‘சுகரால் வந்தது’ என்று எழுதிவிடுவதால் குறைபாடு கண்ணில் படாமலே போகிறது. மூன்றாவது, காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை போடாமல் நாள் தொடங்காதவர்கள். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையறா. மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் சேர்ந்தே ஓடுகிற வீடுகளில் வருடம் ஒரு முறை பி12 பார்ப்பது வீண்செலவு இல்லை.

உடம்பில் வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு: நாக்கு மழமழவென்று சிவந்து எரிவது, விரல் முட்டிகள் கறுத்துப்போவது, பஞ்சின்மேல் நடக்கிற உணர்வு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரையோ ஊசியோ தொடங்க வேண்டும். முன்னால் போட்டுவிட்டால் அளவு உயர்ந்து, குறைபாடு இருந்ததா என்பதே தெரியாமல் போகும். 1,500 மைக்ரோகிராம் மாத்திரை அதிகமில்லையா என்று கேட்பார்கள். குடல் ஒரு வேளைக்கு முறையான வழியில் இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குத்தான் வாங்கும். மீதியில் சுமார் ஒரு விழுக்காடு கசிந்து உள்ளே போகும். 1,500-ல் அது 15. பெரிய எண்ணின் ரகசியம் இவ்வளவுதான். பி12 குறைந்திருக்கும்போது 5 மி.கி. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிடுவது ஆபத்து: ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

வைட்டமின் டி விஷயத்தில் குற்றம் பாதி லேப் ரிப்போர்ட்டினுடையது. 30-க்குக் கீழே எல்லாம் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று அச்சாகி வரும். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011-லேயே ஒரு மி.லி.க்கு 20 நானோகிராம் பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்றது. 30 என்ற கோட்டைப் போட்ட, ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியே 2024-ல் அதைக் கைவிட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் 75 வயதுக்கு உட்பட்ட பெரியவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், தினத்தேவைக்கு மேற்பட்ட மாத்திரையும் வேண்டாம் என்றது. மாதம் ஒரு முறை 60,000 யூனிட்டை ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில் இறப்பு குறையவில்லை. அமெரிக்காவில் 25,871 பேருக்கு நடந்த ஆய்வில் தினம் 2,000 யூனிட் கொடுத்தும் புற்றுநோயோ மாரடைப்போ எலும்பு முறிவோ குறையவில்லை.

தேவைப்படுகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைக்கு முதல் வருடம் முழுவதும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. வீட்டைவிட்டு வெளியே வராத முதியவர்கள், நெடுங்காலம் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு வலியோடு உட்கார்ந்து எழ முடியாமல் தவிப்பவர்கள். மற்றவர்களுக்கு வெயில் இருக்கிறது: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் காரியமாகாது, தேவையான கதிரைக் கண்ணாடி மறித்துவிடும்.

குறைபாடு உறுதியானால் வழக்கமாக எழுதுவது 60,000 யூனிட் கேப்சூல் அல்லது சாஷே, வாரம் ஒன்று, எட்டு வாரம். இங்கேதான் விபத்து. சீட்டில் ‘வாரம் ஒன்று’ என்பதைத் தினம் ஒன்று என்று படித்துக்கொண்டு போடுகிறவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் 18 லட்சம் யூனிட் உள்ளே போய்விடும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் சிறுநீரில் போகாது, மாதக்கணக்கில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. எட்டுத் தேதிகளையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்தால் மறக்காது, கொழுப்புள்ள உணவோடு நன்றாகவும் சேரும். முழங்கால் வலிக்கு ஆறு லட்சம் யூனிட் ஊசியை அடிக்கடி போட்டுக்கொள்ளும் பழக்கம் இதைவிட மோசம்.

கால்சியத்துக்கு முதலில் சாப்பாட்டுக் கணக்கு. தேவை நாளுக்கு 1,000 மி.கி. 200 மி.லி. பாலில் 240, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் 180 வந்துவிடும். தயிரும் கீரையும் முள்ளோடு மெல்லுகிற நெத்திலியும் மீதியில் பெரும்பங்கைக் கட்டும். குறைகிற அளவுக்கு மட்டும் மாத்திரை. 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்றால் கால்சியம் 500. அதற்கு வயிற்று அமிலம் தேவை, ஆகவே உணவோடுதான்; கேஸ் மாத்திரைக்காரர்களுக்கு சிட்ரேட் வகை பொருந்தும். ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் வீண். 36,282 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் கால்சியமும் டியும் சேர்த்துக் கொடுத்தபோது சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது. சும்மா இருக்கட்டும் என்று விழுங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய எண்.

தைராய்டு, இரும்பு, கால்சியம் மூன்றும் ஒருவருக்கே இருந்தால் மூன்றையும் காலையில் ஒரே வாய்த் தண்ணீரில் முடிப்பதுதான் வழக்கம், மூன்றுமே கெடும். ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், ஏழுக்குக் காபி, பதினொன்றுக்கு எலுமிச்சைச் சாறோடு இரும்பு, மதியமும் இரவும் சாப்பாட்டோடு கால்சியம். இந்த வரிசையில் தைராய்டுக்கும் மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தானாகக் கிடைக்கும்.

புரதப் பவுடர் சத்து மாத்திரைக் கதையே இல்லை, அது விலைகூடிய சாப்பாடு. 60 கிலோ ஆளுக்குத் தேவை நாளுக்கு 50 கிராம். முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று சாப்பிடுகிறவருக்கு அது தட்டிலேயே வந்துவிடும். பவுடர்தான் வேண்டும் என்றால் டப்பாவில் லியூசின் (புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களில் ஒன்று) அளவைப் பாருங்கள். 24 கிராம் வே புரதத்தில் (பாலிலிருந்து பிரிப்பது) சுமார் 2.5 கிராம் லியூசின் இருக்க வேண்டும். புரதத்தை ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். மலிவான கிளைசின், டாரின் கலந்தால் நைட்ரஜன் கூடி, புரதம் இருப்பதுபோல எண் காட்டும்.

முடிக்காக விற்கும் பயோட்டினில் முடி வளர்கிறதோ இல்லையோ, லேப் ரிப்போர்ட் கெடும். தேவை நாளுக்கு 40 மைக்ரோகிராம், மாத்திரையில் 10,000. சில ஆய்வகக் கருவிகள் பயோட்டினை வைத்தே வேலை செய்வதால் தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு பொய்யாகக் குறைந்து, இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின்கூடத் தவறாகக் குறைந்து வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டதை லேப்பிலும் சொல்லிவிடுங்கள்.

‘மூலிகைதானே’ என்று வாங்குவதற்கும் இதே விதி. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடியை விடாமல் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அஸ்வகந்தா, உடல் இளைக்க விற்கும் கிரீன் டீ சாறு இரண்டிலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அது ரைபோஃபிளேவின் வெளியேறுவது, கவலை வேண்டாம். கடும் டிகாஷன் நிறத்தில் போய், கண்ணும் மஞ்சளித்து, உடம்பு அரிக்கவும் செய்தால் டப்பாக்கள் எல்லாவற்றையும் அன்றே நிறுத்திவிட்டு, அவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.